'தி கிரேட் கேட்ஸ்பி' புதினத்தில் செல்வரின் அறப்பொறுப்பின்மை

எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' (1925) என்னும் அமெரிக்கப் புதினம், செல்வரின் அறப்பொறுப்பின்மையை விளைவுகளிலிருந்து விலகிச்செல்லும் வாய்ப்பாகக் காட்டுகிறது.

டெய்சி ஓட்டிய கார் மோதி மிர்ட்டில் இறக்கிறாள். கார் கேட்ஸ்பியுடையது என்று டெய்சியின் கணவன் டாம், மிர்ட்டிலின் கணவன் வில்சனிடம் கூறுகிறான். ஓட்டியவனும் கேட்ஸ்பியே எனக் கருதிய வில்சன், அவனைச் சுட்டுக் கொன்று தன்னையும் மாய்த்துக்கொள்கிறான். டாமும் டெய்சியும் கேட்ஸ்பியின் இறுதிச்சடங்கிற்கும் வராமல் ஊரைவிட்டு நீங்குகின்றனர்.

கேட்ஸ்பியும் பெருஞ்செல்வனே. எனினும் அவன் செல்வம் புதிதாக ஈட்டியது. டாமின் செல்வம் வழிவழி வந்தது. ஆகவே, தப்பிச்செல்லும் பாதுகாப்பைப் பணத்துடன் பரம்பரைச் சமூகநிலையும் சேர்ந்தே தருகிறது. உண்மையை அறிந்த கதைசொல்லி நிக்கும் அதனை டாமிடம் கூறுவதில்லை. செல்வரின் பொறுப்பின்மை, சுற்றியுள்ளோரின் மௌனத்தாலும் காக்கப்படுகிறது.