கரைவழி வந்த மக்கள்

பாசிக்குடாக் கடலைக் கண்டவர் அதன் தன்மையை எளிதில் மறவார். கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்து சென்றாலும் நீர் இடுப்பளவைத் தாண்டுவதில்லை. அங்கு நிற்பவருக்குக் கடல் நிலத்தின் முடிவாகத் தோன்றாது. அதன் தொடர்ச்சியாகவே தோன்றும். மனிதகுலம் உலகெங்கும் பரவிய கதையை அறிய விழைவோர்க்கு இக்காட்சி நல்லதொரு தொடக்கமாகும். ஆதிமனிதருக்குக் கடற்கரை ஒரு எல்லையன்று. அது அவர்தம் பெருவழிகளுள் ஒன்று.

இன்றைய மனிதஇனம் ஆபிரிக்காவில் தோன்றிற்று. மொரோக்கோ நாட்டின் ஜெபல் இர்கூட் என்னுமிடத்தில் கிடைத்த எலும்புகள் ஏறக்குறைய 3,00,000 ஆண்டுப் பழமை உடையன. அவ்வினத்தாருள் ஒரு பகுதியினர் இற்றைக்கு 70,000 முதல் 60,000 ஆண்டுகளுக்கு முன்னர் ஆசியாவினுள் பரவத் தொடங்கினர். அவர்தம் வழித்தோன்றல்கள் ஏறக்குறைய 50,000 ஆண்டுகளுக்கு முன்பே அவுஸ்திரேலியாவை அடைந்துவிட்டனர்.

இத்துணைத் தொலைவை அவர் எவ்வாறு கடந்தனர்? ஆண்டுக்கு ஒரு கிலோமீற்றர் நகர்ந்தாலும் பத்தாயிரம் ஆண்டுகளிற் பத்தாயிரம் கிலோமீற்றர் சென்றுவிடலாம். தாம் ஒரு கண்டத்திலிருந்து மற்றொரு கண்டத்துக்குப் பெயர்கின்றோம் என்று அவருள் எவரும் எண்ணியிருக்க மாட்டார். இரை குறைந்தவிடத்து அடுத்த கரைக்குச் சென்றனர், அவ்வளவே. மட்டக்களப்பு வாவியை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நண்டும் இறாலும் மட்டியும் ஆழமற்ற நீரிற் கைக்கெட்டும். ஆற்றுவாய் தோறும் நன்னீர் கிடைக்கும். ஆகவேதான் பெயர்ச்சியின் முக்கிய வழிகளுள் ஒன்று கடற்கரையை ஒட்டியே சென்றது என அறிஞர் பலர் கருதுகின்றனர்.

இலங்கைக்கு வர அவருக்குத் தோணியும் தேவைப்பட்டிராது. 20,000 ஆண்டுகளுக்கு முன்பு உலகின் நீரில் ஒரு பகுதி நிலத்தின்மேற் பனிக்கட்டியாய் உறைந்திருந்தமையாற் கடல்மட்டம் இன்றைக்கும் 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. அக்காலத்திலும், அதற்கு முன்னர் கடல் தாழ்ந்த பல காலங்களிலும், பாக்கு நீரிணை நடந்து கடக்கும் நிலமாயிருந்தது. பனி உருகிக் கடல் உயரவே, ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன் இலங்கை தனித்தீவாயிற்று. பழைய கரையோரக் குடியிருப்புகளும் நீருள் மறைந்தன.

எனவே முற்காலச் சான்றுகளை உள்நாட்டுக் குகைகளிலேயே தேட வேண்டியுள்ளது. களுத்துறை மாவட்டத்துப் பாகியங்கலக் குகையில் எலும்பாற் செய்த அம்புமுனைகள் கிடைத்துள்ளன. அவை ஏறக்குறைய 48,000 ஆண்டுப் பழமை உடையன என 2020ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. குரங்கையும் அணிலையும் வேட்டையாடிய அம்மக்கள் கடற்சிப்பியாலான மணிகளையும் வைத்திருந்தனர். காட்டிடை வாழ்ந்தோர் கடலோடும் தொடர்பு கொண்டிருந்தனர் என்பதற்கு அம்மணிகளே சான்று.

இத்தீவின் ஆதிக்குடிகளென எண்ணப்படும் வேடருள் ஒரு பிரிவினர் பாசிக்குடாவுக்கு வடக்கே, வாகரைப் பகுதிக் கரையோரத்தில் வாழ்கின்றனர். மீன்பிடித்தும் சேனைப்பயிர் செய்தும் வாழும் இவர்கள் பேசுவது தமிழ். வேடரைப் பற்றி 1911இல் நூல் வெளியிட்ட செலிக்மன் தம்பதியர் இக்கரையோர வேடரையும் கண்டு எழுதினர். உள்நாட்டு வேடருட் பலர் இன்று சிங்களம் பேசுகின்றனர். ஒரே பெயருடைய மக்கள் அயலாரின் மொழிக்கேற்ப இரு மொழியினராயினர்.

இதிலிருந்து பெறப்படும் உண்மை யாது? மொழி வேறு, குருதிவழி வேறு. மொழி வாய்வழி வருவது. அது ஓரிரு தலைமுறையில் மாறிவிடலாம். பெற்றோரிடமிருந்து உடலணுக்களில் இறங்கிவரும் மரபுக்குறிப்போ அவ்வாறு மாறுவதில்லை. 2024இல் வெளியான மரபணு ஆய்வொன்று, வேடர் இந்தியாவின் சந்தாலர், இருளர், பணியர் முதலிய பழங்குடிகளுக்கு நெருங்கியவர் எனக் காட்டிற்று. 2023இல் வெளிவந்த மற்றோர் ஆய்வோ, சிங்களவரும் இலங்கைத் தமிழரும் மரபணுவில் ஒருவருக்கொருவர் மிக நெருங்கியவர் என்று கூறிற்று. மொழியும் சமயமும் இட்ட வேலிகளைத் தாண்டிக் குருதி கலந்திருக்கின்றது.

இந்நாட்டிலே 'முதலில் வந்தவர் யார்?' என்ற வினா அறிஞரின் மேசையோடு நின்றுவிடவில்லை. அதனைக் காரணமாகக் காட்டி மண்ணுக்கு உரிமை பேசினர், அயலாரைப் பகைத்தனர். ஆயினும் முந்தியவர் என்று சொல்லத்தக்க வேடரோ, இருந்த காட்டையும் பேசிய மொழியையும் பெரிதும் இழந்து சிறுதொகையினராய் நிற்கின்றனர். முதலில் வந்தமை அவரைக் காக்கவில்லை.

வந்த காலம் வேறுபடலாம், வராதவர் எவருமிலர். அனைவரின் முன்னோரும் ஏதோ ஒரு நாளில், ஏதோ ஒரு கரையிற் கால் நனைய நடந்து வந்தவரே. பாசிக்குடாவின் ஆழமற்ற நீரில் நிற்கும் எவரும் இதனை ஒரு கணம் நினைந்து பார்த்தல் தகும்.