தேய்த்துத் தேய்த்துக் கெட்ட தோல்

திருத்தங்கல், சிவகாசி வட்டாரத்து அச்சகங்களில் மாலை வேலை முடிந்ததும் தொழிலாளர்கள் கை கழுவும் காட்சியை இப்பகுதியினர் அறிவர். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மையைத் துடைத்தெடுப்பார்கள். பிறகு துணி துவைக்கும் சோப்புத் தூளை உள்ளங்கையில் கொட்டிப் பரபரவென்று தேய்ப்பார்கள். நகக்கண்ணில் தங்கியிருக்கும் மைக்குப் பிரஷ்ஷும் உண்டு. பட்டாசு ஆலைகளில் அலுமினியத் தூளைக் கையாளுவோரின் விரல்கள் வெள்ளி முலாம் பூசியவை போலிருக்கும். அதைப் போக்கவும் இதே தேய்ப்புத்தான்.

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரியில் இளநிலை இயற்பியல் பயிலும் மாணவி ஒருத்தி ஆய்வுக்கூடத்திற்குத் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். பன்சன் அடுப்பருகே நிற்க முடியவில்லை, முகம் எரிகிறது என்றாள். கன்னம் இரண்டும் சிவந்து, காகிதம் போல் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மூக்கோரம் செதில் செதிலாக உரிந்திருந்தது. அக்காவின் திருமணத்திற்கு ஒரு மாதமே இருந்தது. அதற்காக முகம் பொலிவு பெறவேண்டுமென்று வால்நட் ஓட்டுத்தூள் கலந்த பசையால் காலையும் மாலையும் தேய்த்திருக்கிறாள். அதன் மேல் அமிலத் திரவம் ஒன்று. எரிச்சல் கண்டதும் எலுமிச்சைச் சாறும் மஞ்சளும் குழைத்துப் பூசியிருக்கிறாள்! "சார், முதல் பத்து நாள் நல்லாத்தான் பளபளன்னு இருந்துச்சு" என்றாள். அவளுடைய தந்தை ஆப்செட் அச்சு இயந்திரம் ஓட்டுபவர் என்பதும், அவர் விரல் இடுக்குகள் வெடித்து, குழம்புச் சோறு பிசைந்தால் சுரீரென்கிறது என்பதும் பிறகு பேச்சில் தெரிந்தன. ஒரே வீட்டில் ஒருவர் கையிலும் ஒருவர் முகத்திலும் நேர்ந்திருந்தது ஒன்றேதான்.

நம் தோலின் மிக வெளிப்புறத்தில் இருப்பது கொம்புப் படலம். உயிரற்ற செல்கள் தட்டையாகி, கெரட்டின் என்னும் புரதம் நிரம்பி, 15 அல்லது 20 அடுக்குகளாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். முகத்திலும் முன்கையிலும் இதன் மொத்தத் தடிமன் ஏறத்தாழ 10 முதல் 20 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அல்லது அதனினும் குறைவு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இது பன்மடங்கு தடித்திருக்கும். 1975ஆம் ஆண்டு ஆலன் மைக்கேல்ஸ் என்னும் அமெரிக்க வேதிப் பொறியியலாரும் அவர் துணைவர்களும் இப்படலத்தைச் செங்கல் சுவருக்கு ஒப்பிட்டனர். செல்கள் செங்கற்கள், அவற்றினிடையே உள்ள கொழுப்பு சாந்து. செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய மூன்றும் ஏறத்தாழச் சம எண்ணிக்கை மூலக்கூறுகளாகச் சேர்ந்து இச்சாந்து ஆகின்றது. உடலின் நீரை வெளியே விடாமல் காப்பது பெரும்பாலும் இந்தச் சாந்தே. மண்ணெண்ணெயும் சோப்பும் கரைத்து எடுப்பது இதைத்தான். வால்நட் தூள் செங்கற்களையே பெயர்க்கிறது.

எவ்வளவு நல்ல சுவராயினும் சிறிது கசியும். நலமான தோலில் ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து மணிக்கு 5 முதல் 10 கிராம் வரை நீர் ஆவியாக வெளியேறுகிறது. இது வியர்வையன்று, நாம் அறியாமலே நிகழ்வது. சராசரியாக 8 கிராம் என்றும், பெரியவர் ஒருவரின் தோல் பரப்பு 1.7 சதுர மீட்டர் என்றும் கொண்டால், ஒரு நாளில் ஏறத்தாழ 325 கிராம், அதாவது ஒன்றரை டம்ளர் நீர்.

இங்கு அடால்ஃப் ஃபிக்கின் விதியை நினைவுகூர வேண்டும். 1855இல் இவ்விதியை வெளியிட்ட ஃபிக், மருத்துவம் பயின்ற உடலியல் அறிஞர். இயற்பியல் பாடநூலில் அவர் பெயரைப் படிக்கும் மாணவர்கள் பலருக்கு இது வியப்பாக இருக்கும். ஒரு படலத்தின் ஊடே விரவிச் செல்லும் பொருளின் அளவு, இருபுறச் செறிவு வேறுபாட்டுக்கு நேர்விகிதத்திலும், படலத்தின் தடிமனுக்கு எதிர்விகிதத்திலும் அமையும் என்பது அவ்விதி. ஓம் விதியில் கம்பியின் நீளத்தைக் குறைத்தால் மின்னோட்டம் பெருகுவது போன்றதுதான். தோலும் இவ்விதிக்குக் கட்டுப்படுகிறதா என்று 1996இல் கலியா, பிரோ, கை என்னும் ஆய்வாளர்கள் சோதித்தனர். தன்னார்வலர்களின் தோலில் ஒட்டுநாடாவை ஒட்டி ஒட்டி உரித்து, ஒவ்வொரு முறையும் எவ்வளவு படலம் போயிற்று, நீரிழப்பு எவ்வளவு என்று அளந்தனர். விதி செவ்வனே பொருந்தியது.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் நீரிழப்பு 8 கிராம். படலத்தில் கால் பங்கைத் தேய்த்து நீக்கினால் அது 11ஐ நெருங்கும், பெரிதாகத் தெரியாது. பாதியை நீக்கினால் 16. முக்கால் பங்கை நீக்கினால் 32. பத்தில் ஒன்பது பங்கை நீக்கினாலோ 80! முதலில் நீக்கிய கால் பங்கு 3 கிராம் அளவே கூட்டியது. மூன்றாவதாக நீக்கிய கால் பங்கு 16 கிராம் கூட்டுகிறது. மாணவியின் முகம் பத்து நாள் தாங்கிப் பதினோராம் நாள் திடுமெனக் கெட்டது போல் தோன்றியதற்கு இதுவே விளக்கம். கேடு முதல் நாளே தொடங்கிவிட்டது.

அப்படியானால் அந்தப் பத்து நாள் பளபளப்பு பொய்யா? பொய்யன்று, அது ஒளியியல். வறண்ட காலில் நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழுவதைச் சிறுவயதில் எல்லோரும் பார்த்திருப்போம். அங்கே எழும்பி நிற்கும் செதில்களுக்கு இடையில் காற்று புகுந்திருக்கிறது. கெரட்டினின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.55, காற்றினுடையது 1. இந்த வேறுபாட்டால் ஒளி நாற்புறமும் சிதறி வெண்மையாகத் தெரிகிறது. ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் கோடு மறைந்துவிடும், ஏனெனில் எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.47 அளவில் கெரட்டினுக்கு அணுக்கமானது. செதில்களைத் தேய்த்து அகற்றினாலும் பரப்பு சமதளமாகி ஒளி சீராகத் திரும்பும். எண்ணெய் இதைச் சேதமின்றிச் செய்கிறது.

இனி இதில் உள்ள விஷச் சக்கரத்தைப் பார்க்கலாம். மேலடுக்குச் செல்கள் தாமாகவே உதிர்பவை. படலம் முழுவதும் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் புதிதாகிவிடும். செல்களைப் பிணைத்திருக்கும் புரத முடிச்சுகளை அறுப்பவை சில நொதிகள். அவை வேலை செய்ய நீர் தேவை. தேய்த்துத் தேய்த்துத் தோல் வறண்டதும் நொதிகள் சோர்கின்றன. முடிச்சு அறாத செல்கள் கூட்டங்கூட்டமாகச் செதிலாய்த் தொங்குகின்றன. அதைக் கண்டவர் அழுக்கென்று எண்ணி மேலும் தேய்க்கிறார்! போதாக்குறைக்குச் சோப்பு வேறு. தோலின் மேற்பரப்பு இயல்பில் சற்று அமிலத்தன்மை உடையது, பி.எச். மதிப்பு 5 அளவில் இருக்கும். சாதாரணச் சோப்புக் கரைசலுக்கு 9 அல்லது 10. சாந்தைப் பதப்படுத்தும் நொதிகளுக்கு அமிலச் சூழலே வேண்டும். காரத்தில் அவை மந்தமாகின்றன. எலுமிச்சை அமிலம்தானே, அது நல்லதுதானே என்று மாணவி கேட்டாள். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். ஏறத்தாழ 2. அதாவது தோலின் அமிலத்தன்மையைப் போல் ஆயிரம் மடங்கு! சுவர் மெலிந்த இடத்தில் அது உள்ளே புகுந்து நரம்பு முனைகளைத் தொடுகிறது. மிளகாயின் காரத்தை உணரும் அதே ஏற்பிகள் அமிலத்தாலும் தூண்டப்படும். எரிச்சலுக்குக் காரணம் இதுவே.

சுற்றுப்புறமும் இதற்குத் துணை போகிறது. 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தனர். அத்தொழில் இங்கு வேரூன்றியதற்கு இம்மண்ணின் வறண்ட வானிலையும் ஒரு காரணம். காய்ந்த காற்று குச்சிக்கும் மருந்துக்கும் நல்லது, தோலுக்கு அன்று. வெளிக்காற்றில் நீராவி குறையக் குறைய ஃபிக் விதியில் வரும் செறிவு வேறுபாடு கூடும் அல்லவா?

தோல் தன்னைத்தானே சீராக்கிக்கொள்ளும் முறை வியப்புக்குரியது. சாந்து கரைந்த சில நிமிடங்களிலேயே கீழ் அடுக்கிலுள்ள உயிர்ச் செல்கள் சேமித்து வைத்திருந்த கொழுப்புப் பொட்டலங்களை வெளியே தள்ளுகின்றன. பிறகு சில மணி நேரத்தில் புதிய கொழுப்பு தயாராகிறது. இளவயதினரின் தோலில் ஒருமுறை நேர்ந்த சேதம் பாதியளவு அரை நாளிலும், முழுமையாக மூன்று நாள் அளவிலும் சரியாகும்; முதியோருக்கு இன்னும் தாமதமாகும். செப்பனிடும்படி ஆணையிடுவது எது? 1989இல் கலிபோர்னியாவில் பீட்டர் எலையாஸ் குழுவினர், எலிகளின் தோலில் அசிட்டோனால் சாந்தைக் கரைத்துவிட்டு, நீராவி புகாத உறையால் மூடினர். செப்பனிடுதல் நின்றுபோயிற்று! நீராவி புகும் உறையால் மூடியபோது தடையின்றி நடந்தது. கசியும் நீரே செய்தி. ஆகவே எரியும் கைக்குப் பாலித்தீன் உறை மாட்டி இரவெல்லாம் கட்டிவைப்பது நன்மை தராது.

பெட்ரோலியம் ஜெல்லியும் அப்படித்தானே மூடும் என்று கேட்கலாம். அது உறைபோல் மேலே நிற்பதில்லை. செல் இடுக்குகளுக்குள் இறங்கித் தற்காலிகச் சாந்தாக நிற்கிறது. அதன் கீழே செப்பனிடுதல் தொடர்வதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. விலை மலிவான இப்பொருளை நான் உயர்வாகவே மதிக்கிறேன். செராமைடு கலந்த களிம்புகளும் உண்டு. ஆனால் 1993இல் எலையாஸ் குழுவினர் கண்டது: மூன்று கொழுப்புகளில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் பூசினால் செப்பனிடுதல் தாமதமாகிறது, மூன்றும் சேர்ந்தால்தான் இயல்பாக நடக்கிறது. குப்பியின் மேல் செராமைடு என்று பெரிதாய் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

எண்ணெய் மட்டும் போதாது என்பதை 1952இலேயே இர்வின் பிளாங்க் காட்டிவிட்டார். காய்ந்து விறைத்த காய்ப்புத் தோலை எண்ணெயில் ஊறவைத்தும் அது இளகவில்லை. நீரை ஏற்றதும் வளைந்தது. எனவே முதலில் நீர், அதன் மேல் எண்ணெய்ப் பூச்சு. குளித்துத் துவட்டிய ஈரம் முற்றும் உலருமுன் பூச வேண்டும். எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. 1929இல் பர் தம்பதியர் கொழுப்பே இல்லாத உணவை எலிகளுக்குக் கொடுத்தபோது, தோல் செதிலாகியதோடு அவை மிகுதியாக நீர் குடிக்கவும் தொடங்கின. குறைபட்டது லினோலிக் அமிலம். சூரியகாந்தி எண்ணெயில் இது மிகுதி. டாக்காவில் குறைமாதக் குழந்தைகளுக்கு அவ்வெண்ணெயைப் பூசியபோது மருத்துவமனைத் தொற்று 41 விழுக்காடு குறைந்ததாக 2005இல் ஆய்வு வெளியாயிற்று. ஆலிவ் எண்ணெயோ 2013இல் வெளியான ஆய்வில் தோலின் தடையைக் கெடுப்பதாகத் தெரிந்தது.

மாணவியிடம் நான் சொன்னது சுருக்கமானது. பசை, அமிலம், எலுமிச்சை, பீர்க்கங்காய் நார் அனைத்தையும் நிறுத்து. வெந்நீர் வேண்டாம். முகத்துக்குச் சோப்பு வேண்டாம். கழுவும்போது விரலால் ஒற்று. ஈரத்தின் மேல் மணமில்லாத களிம்பு பூசு. வெயிலில் முகத்தை மூடு. கடையில் கேட்டு வாங்கும் "சிவப்புக்கான க்ரீம்" எதையும் தொடாதே. இதைச் சற்றுக் கடுமையாகவே சொன்னேன். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும்; சிவப்பு உடனே தணியும், தோலோ மெலிந்துகொண்டே போகும். 2018இல் மத்திய அரசு இத்தகைய பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. நீர் கோத்து வடிந்தாலோ, முகம் வீங்கினாலோ, இரண்டு வாரத்தில் குறையாவிட்டாலோ தோல் மருத்துவரிடம் போக வேண்டும் என்றும் கூறினேன்.

மூன்று நாளில் எரிச்சல் தணிந்தது. செதில் நிற்க மூன்று வாரமாயிற்று. திருமணத்தன்று மஞ்சள் பூசும்போது மட்டும் விலகி நின்றாளாம். தந்தையின் கைக்கு அவ்வளவு விரைவில் குணம் வரவில்லை, ஏனெனில் அச்சு மை நாள்தோறும் உண்டு. அவர் இப்போது மண்ணெண்ணெய்க்குப் பதில் சமையல் எண்ணெயைக் கையில் ஊறவிட்டு மையை இளக்கித் துணியால் துடைக்கிறார். கொழுப்பில் கரைவதைக் கொழுப்பே கரைக்கும். பிறகு மென்மையான சோப்பு, துவட்டியதும் பெட்ரோலியம் ஜெல்லி. விரல் வெடிப்பு மூட இரண்டு மாதத்துக்கு மேலாயிற்று. கை கழுவ ஐந்து நிமிடம் கூடுதலாவதால் பேருந்து தவறிப்போகிறது என்பதுதான் அவர் சொல்லும் ஒரே குறை.