பழைய இசைத்தட்டுகளைக் கொளுத்த வேண்டாம்



பெரியவர்கள் மறைந்தபின் வீட்டை ஒழிக்கும்போது, பரணிலிருந்து பழைய கிராமபோன் இசைத்தட்டுகள் வெளிவருவதுண்டு. கீறல் விழுந்தவற்றையும் உடைந்தவற்றையும் குப்பையோடு சேர்த்துக் கொல்லையில் கொளுத்திவிடுவது, நாகரசம்பட்டி போன்ற ஊர்களில் எளிதாகத் தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அதற்கான காரணத்தையும் விளக்குகிறோம்.

நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள் பெரும்பாலும் அரக்குக் கலவையால் ஆனவை. பின்னர் வந்த எல்.பி. தட்டுகளோ பி.வி.சி. என்னும் வினைல் பிளாஸ்டிக்கால் ஆனவை. தண்ணீர்க் குழாய், மின்கம்பியின் மேலுறை, மருத்துவமனைகளில் இரத்தம் சேகரிக்கும் பை ஆகியவையும் இவ்வகைப் பிளாஸ்டிக்தான். நம் மாநிலத்தில் மேட்டூரிலும் கடலூரிலும் இது தயாராகிறது.

இதன் மூலப்பொருளான வினைல் குளோரைடு வாயு புற்றுநோயை உண்டாக்கும். அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஒரு பி.வி.சி. ஆலைத் தொழிலாளரிடையே மிக அரிதான ஈரல் புற்றுநோய் தோன்றியது 1974இல் வெளிவந்தது. அதன்பின் அந்நாட்டில், தொழிலாளர் சுவாசிக்கும் காற்றில் இவ்வாயுவுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு பத்து லட்சத்தில் 500 பங்கிலிருந்து 1 பங்காகக் குறைக்கப்பட்டது. ஆனால் தயாராகி முடிந்த தட்டில் அவ்வாயு பிளாஸ்டிக்காக இறுகிவிடுகிறது. ஆகவே அலமாரியிலுள்ள தட்டைத் தொடவோ, போட்டுக் கேட்கவோ அஞ்ச வேண்டியதில்லை.

தீ வைக்கும்போதுதான் ஆபத்து. பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். அது எரிகையில் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு கிளம்பிக் கண்ணையும் தொண்டையையும் நுரையீரலையும் தாக்குகிறது. ஆஸ்துமா உள்ளவர்களும் சிறு பிள்ளைகளும் அதிகம் அவதிப்படுவார்கள். டையாக்சின் என்னும் நஞ்சும் உண்டாகிறது. அது புல்லில் படிந்து, மாடு மேய்ந்தபின் பாலின் வழியாக நம் உடலுக்குள் வந்து, கொழுப்பில் பல ஆண்டுகள் தங்கிவிடும். புகை கலைந்தாலும் தீங்கு நீங்குவதில்லை. செம்புக்காக மின்கம்பியைக் கொளுத்துவதிலும் இதே கேடு உண்டு.

இதனால்தான் குளோரின் கலந்த பிளாஸ்டிக்கை எரியுலையில் இடக்கூடாது என்று 1998ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் மருத்துவமனைகளுக்குக் கட்டளையிட்டன. எரியுலைக்கே ஆகாதது கொல்லைக்கு எப்படி ஆகும்?

நல்ல தட்டுகளை, அவற்றைச் சேகரிப்பவர்களுக்குக் கொடுங்கள். உடைந்தவற்றை உலர்ந்த குப்பையாகத் தனியே பிரித்துத் துப்புரவுப் பணியாளரிடம் ஒப்படையுங்கள். நெருப்பில் மட்டும் போடாதிருங்கள். தங்கள் பிள்ளைகளுக்கும் அயலாருக்கும் செலவில்லாமல் செய்யக்கூடிய உதவி இது.