மூன்று நூல், ஒரே மனிதர்

கான்ஸ்டான்டினோப்பிளில் 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புரோகோப்பியஸ் வரலாற்று மாணவர்களைத் திணறடிப்பவர். பேரரசர் ஜஸ்டினியனின் போர்களை ஒரு நூலில் நிதானமாக எழுதினார். இன்னொன்றில் பேரரசர் எழுப்பிய கட்டடங்களை வானளாவப் புகழ்ந்தார். மூன்றாவதான ‘ரகசிய வரலாறு’ நூலிலோ அதே அரசரைப் பேய் என்றே ஏசினார், அரசி தியோடோராவையும் விட்டுவைக்கவில்லை.

இவற்றில் எது நிஜ முகம்? மூன்றும்தான் என்றார் வரலாற்றாசிரியர் ஆவரில் கேமரன். புகழ்ச்சியும் வசையும் அந்தக் காலத்து எழுத்து மரபுகள். மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் மனிதர் பிடிபடுவார் என 1985இல் வெளியான தன் நூலில் வாதிட்டார். வம்புக் கதையாகப் படிக்கப்பட்ட ‘ரகசிய வரலாறு’ நூலுக்கு இதைவிட நியாயமான வாசிப்பு கிடையாது.

1940இல் இங்கிலாந்தின் லீக் என்ற சிற்றூரில், தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் கேமரன். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார்; லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியரானார். ரோம் ‘வீழ்ந்த’ இருண்ட காலம் என்று பலரும் தாண்டிப்போன நூற்றாண்டுகளை, தம்மளவில் உயிர்ப்புள்ள காலமாக எழுதிக்காட்டினார். அந்தக் காலத்தைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு அவருடைய 1993ஆம் ஆண்டுப் பாடநூல் இன்றும் நல்ல வாசல்.

1979 வரை மாணவிகளையே சேர்க்காத ஆக்ஸ்ஃபோர்டின் கீபிள் கல்லூரிக்கு 1994இல் அவர் தலைவரானார். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் பெண் அவர்தான்.