ஐரோப்பாவின் மின்சாரச் சந்தையும் எரிவாயுச் சந்தையும்



அரிசி வாங்கச் செல்லும் ஒருவர், ஒரு கடையில் விலை கூடுதலாயின் அடுத்த கடைக்குச் செல்லலாம். மின்சாரத்துக்கு அவ்வாறு செல்ல முடியுமா? வீட்டுக்கு வருவது ஒரே கம்பி. ஆதலால் அக்கம்பிக்கு உரியவர் எவரோ அவரிடமே மின்சாரத்தையும் வாங்கவேண்டும் என்பது நெடுங்காலம் உலக வழக்காக இருந்துவந்தது. பிரான்சில் 1946ஆம் ஆண்டில் மின்சாரமும் எரிவாயுவும் நாட்டுடைமையாக்கப்பட்டன. ஏனைய நாடுகளிலும் அரசோ, நகரசபையோ, தனியுரிமை பெற்ற கம்பனியோ உற்பத்தி முதல் விற்பனை ஈறாக யாவற்றையும் தன் கையில் வைத்திருந்தது. இந்த ஏற்பாட்டை ஐரோப்பிய ஒன்றியம் எவ்வாறு மாற்றியது, அம்மாற்றத்தால் வீட்டுப் பாவனையாளருக்கு விளைந்தது யாது என்பனவற்றை இப்பேச்சில் ஆராய்வோம்.

மின்சாரத் தொழிலில் நான்கு வேலைகள் உண்டு. மின்சாரத்தை உற்பத்தி செய்தல் ஒன்று. உயர் அழுத்தக் கம்பிகளின் மூலம் தொலைவிடங்களுக்குக் கொண்டுசெல்லுதல் இரண்டு. ஊருக்குள் விநியோகித்தல் மூன்று. பாவனையாளருக்கு விற்றுப் பணம் அறவிடுதல் நான்கு. முதலாம், நான்காம் வேலைகளைப் பலர் போட்டியிட்டுச் செய்யலாம். இடையிலுள்ள இரண்டும் அத்தகையன அல்ல. ஒரே தெருவில் ஐந்து கம்பனிகள் ஐந்து வரிசைக் கம்பங்களை நாட்டுவது வீண் செலவாகும். எரிவாயுக் குழாய்களுக்கும் இது பொருந்தும். எனவே சந்தையைத் திறப்பதென்றால், கம்பியைப் பொதுவழியாக்கி, அவ்வழியே எந்த வணிகரும் தம் பண்டத்தைக் கொண்டுசெல்ல இடமளித்தல் வேண்டும்.

இம்முயற்சியில் பிரித்தானியாவும் நோர்வேயும் 1990ஆம் ஆண்டளவில் முன்னோடிகளாயின. ஐரோப்பிய ஒன்றியம் மின்சாரத்துக்கான முதற் பணிப்புரையை 1996இலும், எரிவாயுவுக்கான பணிப்புரையை 1998இலும் வெளியிட்டது. முதலில் பெருந் தொழிற்சாலைகளுக்கே விற்பனையாளரைத் தெரிவுசெய்யும் உரிமை கிடைத்தது. 2003ஆம் ஆண்டின் விதிகள் அவ்வுரிமையை 2004 ஜூலை முதலாந் திகதி தொடக்கம் எல்லா வர்த்தக நிலையங்களுக்கும், 2007 ஜூலை முதலாந் திகதி தொடக்கம் எல்லா வீடுகளுக்கும் விரித்தன.

ஆயினும் கதவு திறந்தபின்னரும் பழைய வணிகரே வழிக்குச் சொந்தக்காரராய் இருந்தார். தம் போட்டியாளரின் பண்டத்தைத் தம் வழியே விரைந்து அனுப்ப அவருக்கு என்ன அக்கறை இருக்கும்? புதிய கம்பிகளை இணைத்து அயல்நாட்டுப் போட்டியை உள்ளே அழைக்கவும் அவர் விரும்பார். ஐரோப்பிய ஆணைக்குழு நடத்திய விசாரணையின் அறிக்கை 2007இல் இக்குறைகளை எடுத்துக்காட்டியது. அதன்பின் வந்த 2009ஆம் ஆண்டின் விதிகள், உயர் அழுத்தக் கம்பிகளுக்கும் பெருங் குழாய்களுக்கும் உரியவர் உற்பத்தியிலிருந்தும் விற்பனையிலிருந்தும் பிரிந்து நிற்கவேண்டும் எனப் பணித்தன. சொத்தை முற்றாகப் பிரித்துவிடலாம். அல்லது சொத்தை வைத்துக்கொண்டு, அதை இயக்கும் பொறுப்பைச் சுதந்திரமான நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கலாம். அல்லது கடுமையான கட்டுப்பாடுகளின்கீழ்த் தனிக் கம்பனியாக நடத்தலாம். வழிக்கட்டணம் நியாயமானதா என்பதைக் கவனிக்க ஒவ்வொரு நாட்டிலும் சுதந்திரமான ஒழுங்குபடுத்தும் சபையும், அவற்றை ஒருங்கிணைக்கச் சுலோவேனியாவின் லியுப்லியானா நகரில் பொது நிறுவனம் ஒன்றும் அமைந்தன.

இனி, விலை எவ்வாறு அமைகின்றது என்று பார்ப்போம். மறுநாளைய மின்சாரத்துக்காக நடைபெறும் ஏலத்தில் ஒவ்வோர் உற்பத்தியாளரும் தம் விலையைக் கூறுவர். உதாரணமாக, காற்றாலை 10 யூரோவும், அணுமின் நிலையம் 40 யூரோவும், எரிவாயு நிலையம் 100 யூரோவும் கேட்பதாகக் கொள்வோம். தேவை நிறைவடைய மூன்றும் வேண்டுமாயின், கடைசியாகச் சேர்க்கப்பட்ட எரிவாயு நிலையத்தின் 100 யூரோவே மூன்றுக்கும் விலையாகும். குறைந்த செலவில் உற்பத்தி செய்பவருக்கு இலாபம் மிகும். அந்த இலாபத்தை நாடி அத்தகைய நிலையங்கள் பெருகும் என்பதே இம்முறையின் நியாயம்.

அந்த நியாயம் 2022இல் கடுஞ் சோதனைக்குள்ளாயிற்று. உக்ரேன்மீது ரஷ்யா படையெடுத்த பின்னர் ஐரோப்பாவுக்கு வந்த ரஷ்ய எரிவாயு பெரிதும் குறைந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் எரிவாயு மொத்த விலை ஒரு மெகாவாற்று மணிக்கு 300 யூரோவைத் தாண்டியது. எரிவாயு நிலையம் விலையை நிர்ணயித்தமையால், காற்றிலும் நீரிலும் பிறந்த மின்சாரமும் அவ்விலைக்கே விற்கப்பட்டது. இதற்கு முன்னரே சில வணிகர் நிலைகுலைந்தனர். செக் குடியரசில் ஏறக்குறைய 9 இலட்சம் பாவனையாளரைக் கொண்டிருந்த ஒரு விற்பனைக் கம்பனி 2021 ஒக்டோபரில் திடீரெனத் தொழிலை நிறுத்தியது. வேறு வணிகர் இல்லாதவிடத்து மின்சாரம் வழங்கக் கடமைப்பட்ட கம்பனிகள் அக்குடும்பங்களை ஏற்றமையால் விளக்குகள் அணையவில்லை. ஆனால் கட்டணம் உயர்ந்தது. மலிவான வணிகரைத் தெரிந்தெடுக்கும் உரிமை மட்டும் அவர்களைக் காக்கவில்லை.

2022இன் இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம், எரிவாயுவைப் பயன்படுத்தாத பல நிலையங்களின் வருமானத்துக்கு ஒரு மெகாவாற்று மணிக்கு 180 யூரோ என்ற தற்காலிக வரம்பை விதித்தது. 2024ஆம் ஆண்டில் நிரந்தரச் சீர்திருத்தம் வந்தது. ஏல முறை கைவிடப்படவில்லை. ஆயினும் பெரிய விற்பனையாளர், விரும்புவோருக்குக் குறித்த காலத்துக்கு மாறாத விலையில் மின்சாரம் வழங்க முன்வரவேண்டும். நலிவுற்ற குடும்பங்களின் மின் இணைப்பைத் துண்டிப்பதிலிருந்து பாதுகாப்பளித்தல் அங்கத்துவ நாடுகளின் கடமையாயிற்று. வணிகர் தொழிலைக் கைவிட்டால் அவருடைய பாவனையாளரை ஏற்க மற்றொருவர் முன்கூட்டியே நியமிக்கப்படல் வேண்டும். அரசின் உதவியுடன் எழும் புதிய காற்றாலை, சூரிய, அணு நிலையங்கள் பலவற்றுக்கு விலை உடன்படிக்கை உண்டு; சந்தை விலை குறைந்தால் அரசு ஈடுசெய்யும், கூடினால் மிகையை நிலையம் திருப்பிச் செலுத்தும்.

சந்தையைத் திறந்தால் அரசின் வேலை குறையும் என எண்ணியோர் பலர். நடந்தது வேறு. வழியைப் பிரிக்க ஒரு சட்டம், வழிக்கட்டணத்தைக் கவனிக்க ஒரு சபை, வீழ்ந்த வணிகரின் பாவனையாளரைத் தாங்க ஓர் ஏற்பாடு என, திறந்த சந்தைக்கு மூடிய சந்தையைவிடக் கூடுதலான விதிகள் தேவைப்பட்டன. இவ்விதிகளை ஒவ்வொரு நாடும் எவ்வளவு உறுதியாக நிறைவேற்றுகின்றதோ அவ்வளவுக்கே, குளிர்காலத்தில் ஏழைக் குடும்பம் ஒன்று அச்சமின்றித் தன் அடுப்பை மூட்டவும் அறையைச் சூடாக்கவும் முடியும்.