புட்டியை மூடும் முன்

புளிப்பும் நுரையும் – 11

சித்திரை, வைகாசியில் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் சாலையில் காலை நேரமாகப் போனால், பெருநகர் பக்கம் மர நிழலில் பதநீர்ப் பானையைப் பார்க்கலாம். பனையோலைப் பட்டையில் ஊற்றி, நுங்கை வழித்துப் போட்டுத் தருவார்கள். அங்கேயே நின்று குடித்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. "வீட்டுக்கும் ரெண்டு லிட்டர் ஊத்துங்க" என்று காலி தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறவர்களுக்குத்தான் கதை ஆரம்பம். வாலாஜாபாத், படப்பை என்று காரின் பின்சீட்டில் வெயிலோடு வெயிலாக வந்த பாட்டில், சாயங்காலம் தாம்பரத்து வீட்டில் விறைத்துப்போய் நிற்கும். அடிப்பக்கம் உப்பி, மேஜைமேல் ஆடும். மூடியைத் திருகினால் புஸ்ஸென்று நுரை பொங்கி வழியும். "ஏமாத்திட்டான்" என்று விற்றவரைத் திட்டிக்கொண்டே தொட்டியில் கொட்டுவார்கள்.

விற்றவர் ஏமாற்றவில்லை. நல்ல பதநீரைத்தான் கொடுத்தார். அது காலை பத்து மணிக்குள் குடித்துத் தீர்க்க வேண்டிய பண்டம். அதை மூடி வைத்ததுதான் வினை. இனிப்பான, உயிருள்ள ஒரு நீரைப் புட்டியில் அடைக்க நினைக்கும் எல்லோரும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டிலேயே பீர் வடிப்பது சட்டப்படி செல்லும் நாடுகளில், கார் நிறுத்தும் கொட்டகையில் வாளியும் குழாயுமாக நிற்கிறவருக்கும் இதே தலைவலிதான். பெருநகர்ப் பனையையும் அந்தக் கொட்டகை வாளியையும் இந்த வாரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் பனை. பாளைக்குள் இருக்கும் வரை அந்தச் சாற்றில் கிருமி அனேகமாக இல்லை. சீவிய நுனியில் சொட்டத் தொடங்கியதும் காற்று, தேனீ, எறும்பு, அரிவாள், பழைய கலயத்தின் உட்புறம் என்று எல்லா வழியிலும் அவை வந்து சேர்கின்றன. நூற்றுக்குப் பத்து முதல் பதினான்கு பங்கு வரை சர்க்கரை உள்ள நீர், முப்பது டிகிரிக்கு மேல் வெக்கை. இதைவிட நல்ல விருந்து அவற்றுக்குக் கிடைக்காது. லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் புளிப்பு ஏற்றும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் விடும். கடைசியில் அசிட்டிக் பாக்டீரியாக்கள் வந்து எல்லாவற்றையும் காடியாக்கிவிடும். காலையில் கட்டிய வெறுங்கலயம் மாலையில் கள். அதை மறுநாள் இறக்கினால் கடுங்கள். இன்னும் விட்டால் காடி.

இதற்குத் தமிழ்நாடு கண்ட மருந்து, கலயத்தின் உட்புறம் தடவும் சுண்ணாம்பு. சாறு காரமாகும்போது ஈஸ்டும் பாக்டீரியாக்களும் சோர்ந்து கிடக்கும். சாவதில்லை, சோர்ந்துதான் கிடக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் விடிவதற்குள் நுரைத்துவிடும். மிஞ்சினால் நாக்கு காறும், தொண்டை அறுக்கும், காய்ச்சினால் கருப்பட்டி சரியாகக் கூடாது. மேகம் போட்ட நாளுக்கு ஓர் அளவு, அக்கினி நட்சத்திரத்துக்கு ஓர் அளவு. இதற்கெல்லாம் மரமேறிகளிடம் கருவி கிடையாது. இறக்கிய கலயத்தை முதலில் மூக்கருகே கொண்டுபோவார்கள். பிறகு சாய்த்து, விளிம்பில் வெள்ளை நுரை மாலைபோல ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். அதன் பிறகுதான் ஒரு சொட்டு நாக்கில். "மோந்து பாத்தாலே தெரிஞ்சிடும் சார், அப்புறம் என்னத்துக்குக் குடிச்சுப் பாக்கணும்" என்பார்கள். நுரைக்கத் தொடங்கிய கலயத்தை மற்ற பானையோடு கலக்கவே மாட்டார்கள். ஒரு கலயம் போதும், பானை முழுவதும் போய்விடும்.

சட்டமும் இந்தச் சுண்ணாம்பை வைத்தே கோடு கிழித்திருக்கிறது. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. கள் இறக்குவது 1987 முதல் தடையில் இருக்கிறது. சுண்ணாம்பு போட்டு இறக்கும் பதநீர் தடைக்கு வெளியே நிற்கிறது. வீட்டில் பீர் வடிப்பதும் இங்கே குற்றம்தான். உத்திரமேரூரில் யாரும் இதைப் படித்துவிட்டு வாளியைத் தேட வேண்டாம். பிரிட்டனில் வீட்டில் வடிக்க உரிமம் வேண்டும் என்ற விதி 1963-இல் போனது. அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1978-இல் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. அந்த ஊர்களில் குடியேறிய நம்மவர்களும் இன்று அதைச் சட்டப்படியே செய்யலாம்.

பீர் வடிப்பவரின் கவலை பனையேறியின் கவலைக்கு நேர் எதிர். பனையேறி நொதிப்பைத் தடுக்கப் பார்க்கிறார். பீர் வடிப்பவர் அதை முடிக்கப் பார்க்கிறார். முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, வடித்த இனிப்பு நீரை ஹாப்ஸ் பூவோடு காய்ச்சி, ஆறவைத்து ஈஸ்டைத் தூவுகிறார். மறுநாள் நுரை ஒரு சாண் ஏறும். நாலைந்து நாளில் இறங்கிவிடும். வாயு வெளியேறும் குழாயில் குமிழ் நின்றுவிடும். புதிதாக வந்தவர்கள் தவறுவது இங்கேதான். குமிழ் நின்றால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். மூடி சரியாகப் பொருந்தாமல் வாயு பக்கவாட்டில் கசிந்தாலும் குமிழ் வராது. இரவு குளிர்ந்து ஈஸ்ட் பாதியில் உறங்கிவிட்டாலும் வராது.

நம்பத் தகுந்த சாட்சி அடர்த்திமானி ஒன்றுதான். பால் சொசைட்டியில் கேனுக்குள் விட்டுப் பார்ப்பார்களே லாக்டோமீட்டர், அதன் உடன்பிறப்பு. சர்க்கரை கரைந்த நீர் கனமானது, அதில் கருவி உயர்ந்து மிதக்கும்; சர்க்கரை தீரத் தீர அமிழும். பீர் வடிப்பில் இதை அளவுகோலாக்கி 1784-இல் நூல் எழுதியவர் இங்கிலாந்தின் ஜான் ரிச்சர்ட்சன். தொடக்கத்தில் 1.050 காட்டிய நீர், நொதித்து முடிந்ததும் ஏறக்குறைய 1.010-க்கு வந்து நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கினால் சாராயச் சத்து நூற்றுக்கு ஐந்தேகால் என்று கணக்கு வரும். எந்த எண்ணில் நிற்கிறது என்பதைவிட, நிற்கிறதா என்பதே முக்கியம். மூன்று நாள் அடுத்தடுத்து எடுத்தாலும் அதே எண் வர வேண்டும். இன்று 1.014, நாளை மறுநாள் 1.012 என்றால் உள்ளே பந்தி இன்னும் முடியவில்லை.

வெக்கையான ஊர்களில் இன்னொரு பொறி உண்டு. பெரும்பாலான அடர்த்திமானிகள் இருபது டிகிரிக்குச் சரிபார்த்தவை. முப்பத்திரண்டு டிகிரி நீரில் விட்டால் 0.003 குறைத்துக் காட்டும். கண்ணுக்கு 1.010, உண்மையில் 1.013. குளிர்நாட்டுப் புத்தகத்தைப் பார்த்து அங்கே அளந்தால் முடியாததை முடிந்தது என்று எண்ணிவிடுவோம்.

இந்தச் சின்ன எண்ணுக்கு இத்தனை அழுத்தம் ஏன்? புட்டிக்குள் போனதும் அது பூதாகரமாகிவிடும். பீரில் நுரை வேண்டும் என்பதற்காக, அடைக்கும் வேளையில் லிட்டருக்கு ஆறேழு கிராம் சர்க்கரையை வேண்டுமென்றே சேர்ப்பார்கள். மிச்சமிருக்கும் ஈஸ்ட் மூடிய புட்டிக்குள் அதைத் தின்று வாயுவை விடும். வெளியேற வழியில்லாமல் வாயு பீரில் கரையும். 650 மில்லி புட்டிக்கு இது நாலு கிராம்தான், ஒரு தேக்கரண்டிகூட நிறையாது. 1.010-க்கு இறங்க வேண்டியதை 1.015-லேயே அடைத்துவிட்டால், லிட்டருக்குச் சுமார் பதின்மூன்று கிராம் சர்க்கரை தின்னப்படாமல் உள்ளே போயிருக்கும். திட்டமிட்டதைப்போல மூன்று மடங்கு வாயு. சாதாரணக் கண்ணாடி அதைத் தாங்காது. ஷாம்பெயின் நாட்டு நிலவறைகளில் 19-ஆம் நூற்றாண்டில் வேலைக்காரர்கள் இரும்பு முகமூடி மாட்டிக்கொண்டுதான் உள்ளே போனார்கள். ஒரு புட்டி வெடித்தால் பக்கத்துப் புட்டிகளும் சேர்ந்து வெடிக்கும். 1830-களில் ஃபிரான்ஸுவா என்ற மருந்துக்கடைக்காரர், அடைக்கும் முன் ஒயினில் எவ்வளவு சர்க்கரை மிச்சமிருக்கிறது என்று அளந்து, எவ்வளவு சேர்க்கலாம் என்று கணக்குப் போட வழி சொன்ன பிறகுதான் அந்தச் சேதம் குறையத் தொடங்கியது.

அடைத்த பிறகு வரும் புகார்களுக்கும் காரணம் பெரும்பாலும் இந்தக் கணக்கிலேயே கிடைக்கும். எல்லாப் புட்டியும் சப்பென்று இருந்தால், குளிரான இடத்தில் வைத்திருப்பார்கள், அல்லது அவசரப்பட்டுத் திறந்திருப்பார்கள். இருபது டிகிரிக்கு மேல் இரண்டு வாரமாவது வேண்டும். சிலது சப்பென்றும் சிலது பொங்கியும் வந்தால், சர்க்கரையைப் புட்டிபுட்டியாகக் கரண்டியால் போட்டிருப்பார்கள். கொதிநீரில் கரைத்து மொத்த பீரிலும் ஒரே சீராகக் கலந்திருக்க வேண்டும். எல்லாமே பொங்கினால் நொதிப்பு முடியும் முன் அடைத்திருக்கிறார்கள். அப்போது கண்ணுக்குக் கவசமும் கைக்குத் தடித்த உறையும் மாட்டிக்கொண்டு, குளிரவைத்து, மூடிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி வாயுவை விட வேண்டியதுதான். நூறில் ஒன்று மட்டும் பொங்கிப் புளித்தால் அந்த ஒரு புட்டியைச் சரியாகக் கழுவவில்லை. வெண்ணெய் வாடை அடித்தால், ஈஸ்ட் தான் விட்டதைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ள இரண்டு மூன்று நாள் அவகாசம் கொடுத்திருக்க வேண்டும்.

அனுபவசாலிகள் கண்ணாடிப் புட்டிகளோடு ஒரு பிளாஸ்டிக் பாட்டிலையும் நிரப்பி வைப்பார்கள். தினமும் அதை அழுத்திப் பார்ப்பார்கள். விரலுக்கு வளையாமல் விறைத்ததும் எல்லாவற்றையும் குளிர்பெட்டிக்கு மாற்றிவிடுவார்கள். தாம்பரத்து மேஜையில் ஆடிய பாட்டிலும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்க ஆளில்லை.

ஆகப் புட்டியை மூட இரண்டு நியாயங்கள்தான் உண்டு. அளந்து சேர்த்ததைத் தவிர உள்ளே தின்னச் சர்க்கரை இருக்கக் கூடாது. அல்லது தின்ன ஆள் இருக்கக் கூடாது. பீர் முதல் வழி. கோலி சோடா இரண்டாவது வழி: அதில் ஈஸ்டே கிடையாது, வாயுவை வெளியிலிருந்து அளந்து ஏற்றுகிறார்கள். 1870-களில் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் உரிமை வாங்கிய அந்தப் புட்டியில் கோலியை மேலே அழுத்திப் பிடிப்பது அந்த வாயுதான், நாளானாலும் அழுத்தம் கூடுவதில்லை.

பதநீருக்கு முதல் வழி கிடையாது. சர்க்கரை தீர்ந்தால் அது பதநீரே இல்லை. இரண்டாவது வழியும் லேசில் அமையாது. ஈஸ்டைக் கொல்ல அறுபத்தைந்து டிகிரி சூடும் சில நிமிடங்களும் போதும். ஆனால் சில பாக்டீரியாக்கள் வித்துகளாக உறங்கும், கொதிநீரையும் தாங்கும். பீரில் புளிப்பும் சாராயமும் ஹாப்ஸின் கசப்பும் சேர்ந்து அவற்றை எழுந்திருக்க விடாது. சுண்ணாம்பு நீக்கிய பதநீரோ புளிப்பில்லாத இனிப்பு நீர்; வித்துகளுக்குப் பஞ்சு மெத்தை. ஆகவே ஒன்று, அதைப் புளிக்கவைக்க வேண்டும், சுவை போய்விடும். அல்லது அழுத்தத்தில் 121 டிகிரி வரை சூடேற்ற வேண்டும், நிறம் பழுத்துப் பாகு வாடை வந்துவிடும். யாழ்ப்பாணத்தில் பனங்கள்ளைப் போத்தலில் அடைத்து இளஞ்சூடு காட்டியே விற்க முடிகிறது என்றால், காரணம் அது ஏற்கெனவே புளித்த கள் என்பதுதான். புளித்ததை அடைப்பது எளிது, புளிக்காததை அடைப்பதே கடினம்.

மிஞ்சியது குளிர். காசர்கோட்டில் இருக்கும் மத்தியத் தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் தென்னம்பாளையில் பனிக்கட்டிப் பெட்டியையே கட்டிவிட்டது. சுண்ணாம்பு இல்லாமல் சொட்டும்போதே சாறு குளிர்ந்துவிடும். தமிழ்நாட்டில் 2017-இல் நீரா எனப்படும் புளிக்காத தென்னஞ்சாற்றுக்கு அனுமதி வந்தபோது விவசாயிகள் நம்பியது இந்த முறையைத்தான். மரத்தடி முதல் கடை வரை அந்தக் குளிர் ஓரிடத்தில் அறுந்தாலும் புட்டி உப்பத் தொடங்கிவிடும். குளிரிலும் கிருமி சாவதில்லை, சுண்ணாம்பில் கிடந்ததுபோலச் சோர்ந்துதான் கிடக்கிறது. ஏரிக்கரைப் பனையில் ஏறி இறங்குகிறவருக்குப் பனிக்கட்டி எங்கிருந்து வரும், அதற்கு யார் பணம் கொடுப்பார்கள் என்பது விஞ்ஞானம் பதில் சொல்லும் கேள்வி அல்ல.

நம் ஆட்கள் புட்டியோடு மல்லுக்கட்டவே இல்லை. மிஞ்சிய பதநீரை அன்றே அடுப்பில் ஏற்றி, தண்ணீரைச் சுண்டவைத்து, கருப்பட்டியாக்கிச் சிரட்டையில் ஊற்றினார்கள். அதில் சர்க்கரை ஏராளம். கிருமி உயிர்பிழைக்கத் தண்ணீர்தான் இல்லை. மூடி தேவையில்லை, ஓலைப்பெட்டி போதும். ஆகவே அடுத்த முறை பெருநகரில் வண்டியை நிறுத்தினால் பதநீரை அங்கேயே குடியுங்கள். வீட்டுக்குக் கருப்பட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பிடிவாதமாக வீட்டுக்குப் பதநீர்தான் வேண்டும் என்றால் பனிக்கட்டிப் பெட்டியோடு போங்கள், பாட்டிலில் கால்பங்கு காலியாக விடுங்கள், மூடியை இறுக்காதீர்கள்.

(அடுத்த வாரம்: மிளகும் சுக்கும் போட்டு, மூங்கில் குடலையில் வேகும் காஞ்சி வரதராஜர் கோயில் இட்லி, அந்த மாவு எப்போது தயார் என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?)