இலவசப் பொருளுக்கு விலை: இணைய ஏலமும் ஃபிக்ஹுச் சட்டமும்

விலையின்றிக் கிடைக்கும் ஒன்றை விலை கூறி விற்கலாமா? தாம்பரம், சேலையூர், வண்டலூர்ப் பகுதிகளிலிருந்து ஓத வரும் மாணவர்கள் அண்மைக் காலமாக நம்மிடம் அடிக்கடி எழுப்பும் வினா இது. ஆலிம் பாடத்தோடு அரசுப் பணித் தேர்வுக்கும் ஆயத்தமாகும் அவர்களுள் சிலர், முந்நூறு நானூறு ரூபாய் அனுப்பிக் கைப்பேசி வழியே 'தேர்வு வழிகாட்டி' ஒன்றை வாங்குகின்றனர். திறந்து பார்த்தால், தேர்வாணையத்தின் தளத்திலேயே கிடைக்கும் பழைய வினாத்தாள்களும், தமிழ்நாடு பாடநூல் கழகம் எவரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கும் பள்ளிப் பாடநூற் பக்கங்களும்தாம் உள்ளே இருக்கின்றன. கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க மார்க்கத்தில் உரிமை உண்டா என்பதே அவர்கள் அறிய விரும்புவது. வீட்டில் முதன்முதலாகப் பட்டப் படிப்பை எட்டிய பிள்ளைகளுக்கு முந்நூறு ரூபாய் சிறு தொகையன்று.

இத்தொழில் பெரிய அளவில் வளர்ந்த இடம் இணைய ஏலத்தளங்களே. அமெரிக்காவில் 1995இல் ஈபே தொடங்கியது. நம் நாட்டில் 2000இல் பாஸி டாட் காம் வந்தது. 2004இல் ஈபே அதனை விலைக்கு வாங்கித் தன் இந்தியக் கிளையாக்கியது. அக்கிளை 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. இத்தளங்களில் பழைய நாணயமும் புகைப்படக் கருவியும் விற்ற அதே வரிசையில், 'மொத்த வியாபாரிகள் பட்டியல்', 'வீட்டிலிருந்தே பொருளீட்டும் வழிகள்' போன்ற தலைப்புகளில் மின்வழிகாட்டிகளும் ஏலத்திற்கு வந்தன. பல, இணையத்தில் சிறிது தேடினால் காசின்றிக் கிடைப்பவை. ஒரு கோப்பை ஆயிரம் முறை விற்றாலும் விற்றவரிடம் அது குறைவதில்லை. வணிக வரலாற்றில் இத்தகைய சரக்கு முன்பு இருந்ததில்லை என்றே சொல்லலாம்.

ஏலம் என்ற முறையில் குற்றமில்லை. வறுமையுற்ற அன்ஸாரித் தோழர் ஒருவரின் விரிப்பையும் பாத்திரத்தையும் நபி (ஸல்) அவர்களே கூவி, ஒருவர் ஒரு திர்ஹம் கேட்க, மற்றொருவருக்கு இரு திர்ஹத்திற்கு விற்றுக் கொடுத்த செய்தியை அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதும் திர்மிதீயும் பதிவு செய்துள்ளனர். விலக்கப்பட்டது 'நஜ்ஷ்'. வாங்கும் எண்ணமில்லாதவர் விலையை ஏற்றிக் கேட்டு, உண்மையில் வாங்க வந்தவரை ஏமாற்றுவது அது.

மின்வழிகாட்டிகள் இதற்கொரு புதிய உருவம் கொடுத்தன. ஏலத்தளத்தில் விற்பவரையும் வாங்குபவரையும் ஒருவருக்கொருவர் தெரியாது. முந்தைய வாடிக்கையாளர் அளித்த மதிப்பீட்டுப் புள்ளிகளே நம்பிக்கைக்கு ஆதாரம். சிலர் ஒரு சென்டுக்கு வழிகாட்டிகளை விற்றும் வாங்கியும் நூற்றுக்கணக்கில் நற்சான்றைக் குவித்தனர். அச்சான்றைக் காட்டிப் பிறகு விலையுயர்ந்த பொருள்களை விற்கலாமல்லவா! இம்முறைகேடு மிகுந்ததால் 2008 மார்ச் இறுதியிலிருந்து, மின்வழியே அனுப்பும் சரக்குகளை ஏலத்திலிருந்து விலக்கி, மதிப்பீட்டுப் புள்ளி சேராத விளம்பரப் பகுதிக்கு ஈபே மாற்றியது. ஆங்கே கூட்டப்பட்டது விலையன்று, விற்பவரின் நாணயம்; ஆயினும் பொய்யான போட்டியால் மூன்றாமவரை நம்பவைப்பது என்ற காரணம் இரண்டிலும் ஒன்றே. எனவே அதனை நஜ்ஷின் இனத்தில் சேர்ப்பதே பொருத்தம் என நாம் கருதுகிறோம். இந்தியாவின் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும், விற்பவர் தாமே நுகர்வோர் போலக் கருத்துரை எழுதுவதைத் தடுக்கின்றன.

இனி, மூல வினாவுக்கு வருவோம். தென்சென்னைப் புறநகரில் வாழ்வோருக்கு இதனை விளக்கத் தண்ணீர் லாரியே போதும். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது அடுக்ககங்கள் பல லாரி நீரை நம்பியே நாளைக் கடத்தின. நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்பது அபூதாவூதில் உள்ள நபிமொழியின் கருத்து. அப்படியாயின் நீரை விற்பதெப்படி? பொதுநீரைப் பாத்திரத்தில் முகந்தவுடன் அது முகந்தவருக்கு உடைமையாகிவிடுகிறது. அவர் விற்கலாம் என்று ஹனஃபீ, ஷாஃபிஈ இரு மத்ஹபினரும் கூறுவர். முகந்த உழைப்பும், சுமந்த தூரமும், கலத்தின் தேய்மானமும் அவருடையவை. (ஊர்க் கிணறுகள் வற்றும்படி லாரிக்கு நீர் உறிஞ்சுவது வேறு, தேவைக்கு மிஞ்சிய நீரைத் தடுக்கலாகாது என்ற நபிமொழியின் கீழ் அது தனியே ஆராயத்தக்கது.)

இதே அளவுகோலின்படி, தாம்பரம் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள நகலகங்களில் பாடநூற் கோப்பை அச்சிட்டுச் சுருள்கம்பி கோத்துத் தருபவர் பக்கத்திற்கு இவ்வளவு எனக் கூலி பெறுவதில் தடையில்லை. தாளும் மையும் உழைப்பும் கண்ணெதிரே உள்ளன. சிதறிக் கிடந்த வினாக்களைப் பாடவாரியாகப் பிரித்து, விடை எழுதி, பிழை திருத்தித் தருபவரின் நிலையும் இதுவே. தொகுப்பும் ஓர் உழைப்பு. நம் முன்னோர் எழுதிய சுருக்க நூல்களில் பாதி அத்தகையவைதாம்.

ஆனால் எதுவும் சேர்க்காமல், இது இலவசம் என்பதை மறைத்து, 'வேறெங்கும் கிடைக்காது' என்று கூறி விற்பவர் எதற்கு விலை பெறுகிறார்? வாங்குபவரின் அறியாமைக்கே. லாரி கொண்டுவந்தவர் தெருக்குழாயை மறைத்து நின்று, 'இவ்வூரில் குழாயே இல்லை' என்று சொல்வது போன்றது இது. ஃபிக்ஹில் இதற்கு மிக நெருங்கிய முன்மாதிரி 'தலக்கில் ருக்பான்'. கிராமத்திலிருந்து சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தை, அவர்கள் சந்தையை அடைந்து விலை அறியுமுன் வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு விற்றவர் சந்தைக்கு வந்தபின் ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை பெறுகிறார் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அங்கே அறியாதவர் விற்பவர், இங்கே வாங்குபவர், காரணம் மாறவில்லை. சந்தை விலையைக் காணவிடாமல் இடையில் நின்றதே குற்றம்.

இவ்வுரிமையின் எல்லையில் மத்ஹபுகள் வேறுபடும். ஷாஃபிஈ மத்ஹபில், விலை மிகுந்துவிட்டது என்பது மட்டுமே ஒப்பந்தத்தை முறிக்கக் காரணமாகாது. எனினும் தலக்கீயில் ஏமாந்தவருக்கு உரிமை உண்டு. ஹனஃபீச் சட்டத்தைத் தொகுத்து உதுமானிய அரசு 1869 முதல் 1876 வரை வெளியிட்ட 'மஜல்லா' இன்னும் துல்லியமானது. அசையும் பொருளில் இருபதில் ஒரு பங்கை எட்டிய இழப்பையே 'கப்ன் ஃபாஹிஷ்', அதாவது மிகை இழப்பு என்று அதன் 165ஆம் பிரிவு வரையறுக்கிறது. வஞ்சனையற்ற மிகை இழப்பால் வணிகம் முறியாது என்பது 356ஆம் பிரிவு; வஞ்சனையும் சேர்ந்திருந்தால் ஏமாந்தவர் முறிக்கலாம் என்பது 357. இலவசக் கோப்புக்கு முந்நூறு ரூபாய் என்றால் இழப்பு மிகை என்பதில் ஐயமில்லை. வஞ்சனை இருந்ததா என்பதே கேள்வி. விற்பவர் பொய் சொல்லியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அவர் ஒன்றும் சொல்லாதிருக்க, வாங்குபவர் தேடிப் பாராமல் வாங்கியிருந்தால், அவ்வுரிமையைச் சட்டமாக வலியுறுத்த இயலாது. மாணவர்களுக்கு நாம் கூறிய விடை இதுவே. சிலருக்கு அது உவப்பாக இல்லை.

கொடுத்தவர் விதித்த நிபந்தனை என்னும் மற்றொரு பக்கமும் உண்டு. இலவசமெல்லாம் ஒரே வகையன்று. ரிச்சர்டு ஸ்டால்மன் தம் ஈமாக்ஸ் மென்பொருளை 1985இல் நாடாவில் பதித்து 150 டாலருக்கு விற்றார். பிறரும் அவ்வாறே விற்கலாம் என்பதே அவர் கொள்கை. 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் தொடங்கிய மதுரைத் திட்டம், உமறுப் புலவரின் சீறாப்புராணம் உட்பட நூற்றுக்கணக்கான நூல்களைத் தன்னார்வலர் உழைப்பால் மின்வடிவாக்கியது. முகப்புப் பக்கத்தை நீக்காமல் எவரும் பரப்பலாம் என்பது அதன் வேண்டுகோள். அப்பக்கத்தைக் கிழித்தெறிந்துவிட்டுத் தம் பெயரில் விற்பவர், தட்டச்சு செய்தவரின் பெயரையும் பிழைதிருத்தியவரின் பெயரையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார். பாடநூல் கழகக் கோப்புகளைப் பொறுத்தவரை, படிக்கத் தருவதும் விற்க உரிமை தருவதும் ஒன்றல்ல. பதிப்புரிமை கழகத்திடமே இருக்கிறது. நூலாசிரியரின் உரிமை ஷரீஅத்தால் காக்கப்பட்டது, அதில் அத்துமீறலாகாது என்று 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி முடிவு செய்திருக்கிறது.

எல்லாவற்றினும் கடுமையானது வக்ஃபுப் பிரதி. 1984இல் மதீனாவில் திறக்கப்பட்ட மன்னர் ஃபஹ்து குர்ஆன் அச்சகம் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் மொழிபெயர்ப்புகளை வெளியிடுகிறது. 'வக்ஃபு, விற்கலாகாது' என்று பொறித்து ஹாஜிகளுக்கு வழங்கப்பட்ட பிரதிகள் ஏலத்தளங்களிலும் பழைய புத்தகக் கடைகளிலும் விலைக்கு வருவதைக் காணலாம். இங்கே சுமைக்கூலி வாதமும் தொகுப்புழைப்பு வாதமும் எடுபடா. உமர் (ரலி) அவர்கள் கைபர் நிலத்தை வக்ஃபாக்கியபோது, மூலப்பொருளை விற்கவோ அன்பளிக்கவோ வாரிசுரிமையாக்கவோ கூடாது என்றே நிபந்தனை அமைந்தது. வக்ஃபு எப்போது மீளமுடியாததாகிறது என்பதில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களுக்குத் தனிக்கருத்து உண்டெனினும், ஃபத்வா அவர்களின் மாணவர் இருவரின் கூற்றுப்படியே வழங்கப்படுகிறது. அத்தகைய பிரதி ஒருவர் கையில் மிஞ்சியிருந்தால், அதை ஓதும் மற்றொருவருக்கோ பள்ளிவாசல் நூலகத்துக்கோ அவர் மாற்றித் தரலாம். அனுப்பும் தபால் செலவை மட்டும் பெறுபவரிடம் கேட்டு வாங்கிக்கொள்வதில் தவறில்லை.